கால் மணி நேரத் தண்ணீர்

"வந்துட்டாரு மகாராஜா. கால் மணி நேரம் பிச்சை போட."

ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வால்வ்மேன் முனிராஜ் பெங்களூர் ஈஜிபுராவின் அந்தச் சந்துக்குள் நுழையும்போதே ரஞ்சிதம் ஆரம்பித்துவிடுவாள்.

முப்பத்திரண்டு வீடு. ஒரே தெருக்குழாய். முனிராஜ் வால்வைத் திருப்பினால் வீட்டுக்கு ஒரு குடம் தேறும். பதினாறாவது நிமிஷம் மூடிவிடுவான்.

"மெயின் ரோட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் விடுறியே, அது என்ன உன் மாமியார் வீடா?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. என்னால அவ்ளோதான் முடியும்."

அவன் தலை மறைந்ததும் எதிர்வீட்டு பாமா துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து காட்டுவாள். "ஸ்வல்ப்ப அட்ஜஸ்ட்டு பண்ணிக்கம்மா. மாடி வீட்ல எனக்கு ஊத்தி வச்ச காப்பி ஆறிடும்."

சந்தே சிரிக்கும். ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வராது. சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. தினமும் குளிப்பாட்டணும் என்றார் டாக்டர். எதைக் கொண்டு?

'எங்கள் தண்ணீரை மாடி வீடுகளுக்கு விற்கிறான்' என்று மனு எழுதி, முப்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். குழாயடியிலேயே விசாரணை.

"ஏன்யா, இவங்களுக்கு எவ்வளவு நேரம் விடணும்?"

முனிராஜ் அதிகாரியைப் பார்த்தான். காலிக் குடங்களைப் பார்த்தான்.

"முக்கால் மணி நேரம், சார்."

"நீ எவ்வளவு விட்ட?"

"கால் மணி. தப்புதான், சார்."

எழுதிக்கொண்டார். முனிராஜின் பதினாலு வருஷ கான்ட்ராக்ட் வேலை அந்த வாரமே போனது.

"திருட்டு முழியப் பார்த்தியாடி?" என்றாள் ரஞ்சிதம்.

பாமா கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். "தப்புதான், சார்."

அன்றைக்கு ரஞ்சிதமும் சிரித்தாள்.

"இனிமே ஆளே கிடையாது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம்னு ஆபீஸ்ல கம்ப்யூட்டரே பார்த்து வால்வைத் திறந்து மூடும். ஒருத்தனும் கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. முக்கால் மணி நேரத்தை நம்பி ரஞ்சிதம் இரண்டு பிளாஸ்டிக் குடம் புதிதாக வாங்கினாள்.

கம்ப்யூட்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

முதல் நாள், ஏதோ ரிப்பேர் என்று நினைத்தார்கள். நாலாம் நாள் மெயின் ரோட்டில் கேட் கேட்டாகப் போய்க் கெஞ்சினார்கள். ஒன்பதாம் நாள் ரஞ்சிதம் தான் வேலை பார்க்கும் பொம்மசந்திரா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு தண்ணி ஆபீசுக்குப் போனாள்.

புதிதாக வந்த எஞ்சினியர், சின்ன வயசு. உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஈஜிபுரா மேப் விரிந்தது. தெருத்தெருவாக நீலக் கோடு.

"எங்க இருக்கு உங்க சந்து?"

கோடே இல்லாத ஓர் இடத்தில் ரஞ்சிதம் விரலை வைத்தாள்.

அவர் லிஸ்ட்டைத் தேடினார். எழுந்து போய்ப் பழைய ரிஜிஸ்டரை எடுத்துவந்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இல்லையேம்மா."

"முக்கால் மணி நேரம் இருக்கு, சார். நல்லாப் பாருங்க. வால்வ்மேனே ஒத்துக்கிட்டான்."

"ஒரு நிமிஷம்கூட இல்லம்மா. உங்க சந்துக்கு சாங்ஷனே கிடையாது. எலக்‌ஷன் நேரத்துல எவனோ பைப்பை இழுத்துவிட்டுப் போயிருக்கான். அங்க சாங்ஷன் இல்லாம ஒரு குழாய் இருக்குன்னு யாராவது வாயத் தொறந்து சொல்லியிருந்தா அன்னைக்கே புடுங்கிட்டு வந்திருப்போம்."

ரஞ்சிதம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சினியர் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்:

"இத்தனை வருஷம் யாரும்மா உங்களுக்குத் தண்ணி விட்டது?"