ஏழு தட்டு

“வந்துடுச்சு பாருங்க, இந்த வாரப் படம்!”

பெரியவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, செல்போனைக் கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

படத்தில் அவளுடைய ஓரகத்தி, சின்னவள். பின்னால் கடல். முன்னால் மேஜை நிறையத் தட்டுகள். கையில் ஸ்பூன், முகத்தில் சிரிப்பு.

“எண்ணிப் பாருங்க. ஏழு தட்டு! சாப்பிடுறது ரெண்டே பேர்!”

“என் தம்பி நல்லாச் சாப்பிடுவான்” என்றார் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எந்தப் பாரத்தையும் பதறாமல் இறக்கிவைப்பார்.

“போன வாரம் படகு ஹோட்டல். அதுக்கு முந்தின வாரம் கடற்கரைக் கடைங்க. எட்டு மாசமா ஒரு சனிக்கிழமை தப்பல. நானும் இந்த ஊர்லதான் இருக்கேன். கடல் எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு!”

“நான் தினமும் கிரேன் மேல உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுறேன். நீயும் ஒருநாள் ஏறி வாயேன்.”

“இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல!”

அதற்குள் குடும்பக் குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே மாமியாரின் பதில் வந்து விழுந்தது. அவர் வெளியூரில், மகள் வீட்டில் இருக்கிறார். ‘நல்லா சாப்பிடும்மா. பார்க்கவே நிறைவா இருக்கு.’

பெரியவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் தன் சமையலைப் படமெடுத்துப் போட்டபோது, இதே மாமியார் ஒற்றைக் கட்டைவிரலைக் காட்டியதோடு சரி.

“அடுத்த சனிக்கிழமை கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல மாடி ஹோட்டலாம், அவளே எழுதியிருக்கா. நாமளும் போறோம்.”

“சாப்பிடவா, சண்டைக்கா?”

பெரியவள் தையல் மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினாள். அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது மாமியாருக்கு மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினாள்: ‘நாங்களும் அங்கதான் போறோம் அத்தை. உங்க சின்ன மருமகளை நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்.’

மாடியில் நல்ல காற்று. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் தேடிப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“இங்கேயிருந்து கடல் தெரியலையே?” என்றார் கணவர்.

“எனக்குத் தெரிய வேண்டியது தெரியுது.”

நாலு மேஜை தள்ளி அவர்கள். இன்றைக்கும் ஏழு தட்டு. சின்னவள் சூப்பில் ஒரு ஸ்பூன் எடுத்தாள். தலையை ஆட்டினாள். கொழுந்தன் வறுத்த மீனை நகர்த்தினான். ஒரு துண்டு. மறுபடி தலையாட்டல். அடுத்து இறால். எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்தான். அதுவும் வேண்டாமாம். ஐஸ்கிரீமும் வேண்டாமாம்!

“பார்த்தீங்களா? மகாராணிக்கு எதுவும் பிடிக்கல! அங்க நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் குடும்பம் நடத்துறேன். இவ ஒரு வாய் வெச்சுட்டு ஒதுக்கித் தள்ளுறா. அத்தை இதைப் பார்க்கணும்.”

“என்ன பண்ணப்போறே?”

“வீடியோ. கையும் களவுமா.”

“வேண்டாம், சொன்னாக் கேளு.”

அவள் எழுந்துவிட்டாள். கை கழுவப் போகிறவள்போல் நடந்து, அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரிய பூந்தொட்டியை ஒட்டி நின்றாள். செல்போனை மெல்ல உயர்த்தி வீடியோவை ஓடவிட்டாள்.

அப்போது பரிமாறுகிறவர் வந்தார். தட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

“சார், எல்லாம் அப்படியே இருக்கே. உப்பு தூக்கலா, காரம் பத்தலையா? சொல்லுங்க, மாத்திக் கொண்டுவரேன்.”

கொழுந்தன் தயங்கினான். “சாப்பாட்டுல குறை இல்லீங்க. எட்டு மாசத்துக்கு முன்ன இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, கூடவே நாக்குல ருசியும் போயிடுச்சு. எதைச் சாப்பிட்டாலும் காகிதத்தை மெல்லுற மாதிரி இருக்காம். புதுசு புதுசாக் கொடுத்துப் பாருங்க, எதுலயாவது திரும்பி வரலாம்னு டாக்டர் சொன்னார். அதான் கடை கடையா ஏறி இறங்குறோம்.”

பரிமாறுகிறவர் தட்டை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

“மிச்சத்தைக் கட்டிக் கொடுத்துடுங்க” என்றான் கொழுந்தன் சிரித்தபடி. “நாளைக்கு, நாளன்னிக்கு எல்லாம் எனக்கு இதான். என் தொப்பையைப் பார்த்தாலே தெரியுமே!”

“அதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக் கொடுங்கண்ணே” என்றாள் சின்னவள். “எல்லாத் தட்டும் தெரியணும்.”

“படமா? எதுக்கும்மா?”

“ஊர்ல எங்க அத்தைக்கு. நான் சாப்பிடலைன்னு தெரிஞ்சா, அங்க அவங்களுக்கும் சோறு இறங்காது.”

சின்னவள் ஸ்பூனைக் கையில் எடுத்தாள். சிரித்தாள்.

பெரியவள் எப்படித் தன் மேஜைக்குத் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

“என்ன, எடுத்தாச்சா?” என்றார் கணவர்.

அவள் வாயைத் திறக்குமுன் செல்போன் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் இந்த வாரப் படம். கூடவே, அவளுக்கு மட்டும் மாமியாரின் கேள்வி:

‘நேர்ல பார்த்தியாம்மா? படத்துல கொஞ்சம் மெலிஞ்சு தெரியுறாளே. நிஜமாவே சாப்பிடுறாளா?’

பெரியவள் முதலில் அந்த வீடியோவை அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள்:

‘ஏழு தட்டையும் காலி பண்ணிட்டா அத்தை. பார்க்கப் பார்க்க எனக்கே பொறாமையா இருக்கு!’