நெஞ்சுக்குள் கண்ட பிறை

இந்த வருஷத்து நோன்புப் பிறையை இலங்கையிலேயே முதலில் கண்டவன் நான்தான். அதுவும் அஸர் தொழுகைக்கு முன்னமே. வானத்தில் அல்ல, என் மச்சான் மீராமுகைதீனின் நெஞ்சுக்குள்.

இதைச் சொன்னதும் வயல் வரம்பில் நின்ற ஊரே சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் கொக்கப் பிறையெண்டு சொன்ன ஆள்தானே நீ?"

அது கொக்கு அல்ல, பிறைதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பள்ளிவாசலில் பிறைச் சாட்சி கேட்கிற ஆள் மச்சான். பென்சன்காரனான நான் வாய் திறந்தால் அதில் காலே அரைக்கால் பங்குதான் நிசம் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார். என் சாட்சியை ஒருநாளும் எடுத்ததில்லை.

எங்கள் கடல் கிழக்கே கிடக்கிறது. பிறை பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு நற்பிட்டிமுனை வயலுக்குத்தான் வரவேண்டும்.

அறுவடை முடிந்த வயல். சூரியன் இப்போதுதான் இறங்கியிருந்தது. அரிதாள்களுக்கு மேலே பனி புகைபோல ஊர்ந்தது. அதற்குள் மாடுகள் காலில்லாமல் மிதந்தன. மேற்கு முழுக்கச் சிவப்பு. பிறை இருக்க வேண்டிய இடத்திலே ஒரு மேகம் படுத்துக் கிடந்தது.

மச்சான் இருமினார். வாய்க்காலில் சிவப்பாய்த் துப்பினார்.

"வெத்திலையைத் துப்பித் துப்பிக் கல்லோயா ஆத்துத் தண்ணியையே சிவப்பாக்கிப்போட்டீங்க" என்றேன்.

அவருக்கு மூட்டுவாதம். இஞ்சிக் கிழங்குபோல முறுகிக் கிடந்த விரல்கள், கிழமைக்கு ஒருக்காப் போடுகிற மஞ்சள் குளிசையால்தான் மறுபடி விரிந்தன. அந்தக் குளிசையைத் தென்னைக்குப் போட்டிருந்தால் தென்னையும் எழும்பி நடந்திருக்கும்.

டொக்டர் பூபாலசிங்கம் குளிசை தந்த முதல் நாளே சொன்னவர். மூட்டைக் கடிக்கிற படையை இந்த மருந்து அடக்கும். அதோடு சேர்த்து உடம்பின் காவல்காரரையும் உறங்க வைக்கும். தூசி, பூஞ்சணம் பக்கம் போகவேண்டாம். இருமல், காய்ச்சல் என்றால் உடனே வரவேண்டும்.

மச்சான் போனார். ஆஸ்பத்திரிக்கு அல்ல, வைக்கலுக்கு.

போன வருஷ மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்துப்போன வைக்கல். மாடு பட்டினி கிடக்குமே என்று, விரல் விரிந்த சந்தோஷத்தில், தினமும் தன் கையாலேயே உதறினார். அப்போது எழும்புகிற வெண்தூள் இருக்கிறதே, மருதமுனைப் பள்ளி மினாராவை மறைக்கும்.

இருமல் வந்தது, போகவில்லை. என் மனைவி சுல்பிகா "காக்கா, காக்கா" என்று அண்ணனிடம் அழுதபடியால்தான் நெஞ்சுப்படம் எடுக்கவே சம்மதித்தார். படத்தை வாங்க இன்றைக்கு என் ஆட்டோவில் போனவன் நான்.

டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

வலது பக்கம், மேலே, ஒரு வெள்ளை உருண்டை. அதன் தலைக்குமேல் மெல்லிசாக ஒரு கறுப்புப் பிறை.

பூஞ்சணம் திரண்ட உருண்டைபோலத்தான் தெரிகிறது, பிறையாகத் தெரிவது அதைச் சுற்றி நிற்கிற காற்று என்றார். காலையில் வார்டுக்கு வரட்டும். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இருமும்போது இரத்தம் வருகிறதா? வந்தால் காலை வரைக்கும் பொறுக்கக்கூடாது, இன்றைக்கே கொண்டு வாருங்கள்.

அவர் வாயில் சிவப்பென்றால் அது வெற்றிலைதான் டொக்டர் என்று, சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உறையிலிருந்து படத்தை உருவி மேற்கு வானத்துக்கு நேரே பிடித்தேன்.

அந்திச் சிவப்பெல்லாம் அவருடைய நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. விலா எலும்புகள் முகில் கீற்றுகளாய் நின்றன. எங்கிருந்தோ வந்த ஒரு கொக்கு அவர் இதயத்தின் ஓரமாகப் பறந்து, தோள் வழியாக வெளியே போனது.

ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டது.

"உன்ட புளுகுக்கு இப்ப படமும் புடிச்சிட்டியா?" என்றார் மச்சான். "நோன்பு வருது, வைக்கல் ஏத்துற வேலை கிடக்கு. ஆஸ்பத்திரியெல்லாம் பெருநாளைக்குப் பிறகு பாப்பம்."

பெருநாளைக்குப் பிறகு! நாளைக் காலையே தூரம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். கெஞ்சத்தான் வேண்டும். வாய் உலர்ந்துபோனது.

"ஒரு வாய் வெத்திலை தாங்க மச்சான்."

அவர் கை பழக்கத்தில் மடிக்குப் போனது. பாதியில் நின்றது.

"இல்ல" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நான் வெத்திலைய விட்டுக் கனநாள்."

வாய்க்காலைப் பார்த்தேன். சிவப்பு ஒரு நூலாய் நீண்டு, அரிதாளில் சிக்கி, மெதுவாக வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இரத்தமென்றால் இன்றைக்கே கொண்டுவரச் சொல்லி டொக்டர் சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல் மச்சானிடம் சொன்னேன்.

மீராமுகைதீன் அந்த விரிந்த விரல்களால் படத்தை என்னிடமிருந்து வாங்கினார். தானே மேற்குக்கு நேரே உயர்த்தினார். சாட்சி சொல்ல வந்தவனின் முகத்தைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். மேகம் அசையவில்லை. அந்த வரம்பில் வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"ஆட்டோவத் திருப்பு" என்றார்.

பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி:

"ஓம். பிறை கண்டாச்சு."