படி இல்லாத மரம்

மரத்தில் மேலே கட்டியிருந்த அலுமினியப் படி சறுக்கி, நடுப்படியையும் இடித்து, இரண்டும் கீழே நின்றவருடைய காலடியில் வந்து விழுந்தன.

அண்ணாந்து பார்த்தார்.

சபாநாதன் மேப்பிள் மரத்தில் பாதுகாப்புப் பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தார். கால்கள் காற்றைத் துழாவின.

நல்லகாலம், பட்டி பிடித்துக்கொண்டது.

ஆனால் ஆளை முடிக்கவும் அதே பட்டி போதும். அதைச் சொல்லித்தந்ததே சபாநாதன்தான். "கனநேரம் தொங்கக் கூடாது. காலில ரத்தம் கட்டினால் ஆள் சரி."

சபாநாதன் கனடாவில் மான் வேட்டை பழகியவர். தை மாதம் அவருடைய மகனுக்கும் இவருடைய மகள் நிரோஜிக்கும் கலியாணம். சும்மா பார்க்க வாருங்கோ என்று காட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்.

காலையில், மரத்தில் ஏறி மானுக்குக் காத்திருக்கவென்று, பையிலிருந்து அந்த மூன்று அலுமினியப் படிகளையும் எடுத்தார். ஒவ்வொன்றாக மரத்தில் வைத்து, வாரால் இறுக்கிக் கட்டி, ஏறி, அடுத்ததைக் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்.

"நாங்கள் என்ன மரமேறுற ஆக்களே, சம்பந்தி? அதுதான் வெள்ளைக்காரன் எங்களுக்குப் படி செய்து விக்கிறான்."

சபாநாதன் சிரித்தார். அவரும் சிரித்தார். தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் மேல்படியின் வாரை இழுத்துப் பார்க்கச் சபாநாதன் மறந்துபோனார்.

"சம்பந்தி, கால் விறைக்குது."

குரல் மெலிந்திருந்தது.

கீழே நின்றவர் போனை எடுத்தார். சிக்னல் ஒரு கோடும் இல்லை.

மரத்தில் மிஞ்சியிருந்த அடிப்படியில் ஏறி நின்று கையை நீட்டினார். எட்டவில்லை. இடையில் ஒரு கிளைகூட இல்லை. மரம் ஒரு பனையின் பருமன்.

அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய அப்பா கள்ளுச் சீவினவர். மீசை அரும்பிய வயதில் அவரும் சீவினார். கனடாவுக்கு வந்த பிறகு அது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று, "ஊரில எவடம்?" என்று சபாநாதன் கேட்டார். இடம் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். "ரோட்டுக்கரை" என்றார் இவர். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதே ரோட்டுக்கரைதான்.

கலியாணம் முடியட்டும், பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

வீதிக்கு ஓடலாம். உதவி தேடித்தானே போனார் என்பார்கள். யார் குறை சொல்வது?

ஒரு கணம் அப்படியும் நினைத்தார். சீ, என்ன மனிதன் நான்.

சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார்.

கழுத்தில் நிரோஜி வாங்கித் தந்த மஃப்ளர். அதை முறுக்கி, பனையேறும்போது மாட்டுவதுபோல வளையமாக முடிந்து, இரண்டு பாதங்களையும் அதற்குள் நுழைத்தார். ஒரு படியைத் தோளில் மாட்டினார். மரத்தைக் கட்டிப் பிடித்தார்.

ஏறினார்.

பட்டை குளிரில் கல்லாக இருந்தது. முழங்கால் நொந்தது. மூச்சு வாங்கியது. பாதங்கள் மட்டும் எதையும் கேட்கவில்லை. சேர்ந்து மடங்கின, பிடித்தன, உந்தின.

பாழாய்ப்போன கால், ஒன்றையும் மறக்கவில்லை.

மேலே இருந்து சபாநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்துக்கு நடுவிலும் அவருடைய முகத்தில் வேறொன்று வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அந்த ஏற்றத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தொங்கும் கால்களுக்குக் கீழே படியை வைத்து வாரை இறுக்கினார். இந்த முறை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். சபாநாதனின் பாதங்களைப் பிடித்து ஒவ்வொன்றாக அதில் வைத்தார்.

"மெல்ல ஊண்டுங்கோ. காலை ஆட்டுங்கோ."

இறங்கினார். மற்றப் படியையும் கொண்டு ஏறி, நடுவில் கட்டினார்.

சபாநாதன் தரைக்கு வந்ததும் அப்படியே இலைகளின் மேல் இருந்துவிட்டார். எதிரில் அவரும் இருந்தார். மஃப்ளர் இன்னும் காலில்தான். அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன.



பிறகு சபாநாதன் தொண்டையைச் செருமினார்.

"நான் தொங்கினதை வீட்டில சொல்லிப்போடாதேங்கோ, சம்பந்தி. சிரிப்பாங்கள்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"நீங்கள் ஏறினதை நானும் சொல்லமாட்டன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கலியாணம் நடக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். தலையாட்டினால் போதும்.

தலையாட்டத்தான் நினைத்தார். ஆனால் தன்னுடைய ஏற்றமும் அந்த மனிதனின் தொங்கலும் ஒரே வெட்கமா? அப்பா ஆயுள் முழுக்க ஏறிய ஏற்றம். சற்று முன் ஒரு உயிரை இறக்கிய ஏற்றம்.

"நீங்கள் தொங்கினதை நான் சொல்லமாட்டன்" என்றார். "நான் ஏறினதை நீங்கள் சொல்லுங்கோ."

சொன்ன பிறகுதான் மகளின் நினைப்பு வந்தது. நிரோஜி கலியாணச் சேலையைத் தினமும் விரித்துப் பார்க்கிறாள்.

சபாநாதன் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முழங்காலில் நகர்ந்து பக்கத்தில் வந்தார். அவருடைய பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. சபாநாதன் குனிந்து, அதை அவிழ்க்கத் தொடங்கினார்.