கணவர் கையொப்பம்

2006 நவம்பர் 8, புதன்கிழமை, காலை பத்தே கால் மணி. தஞ்சாவூரில் விடாத தூறல்.

மருத்துவமனையின் மகளிர் பிரிவில், செவ்வந்தி ஒப்புதல் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அதன்கீழ் ‘கணவர்’ என்ற இடம் காலியாகக் கிடந்தது.

கருப்பை வாயில் ஒரு வைரஸ் குடியேறியிருந்தது. பெரும்பாலான பெண்களின் உடம்பு அதைத் தானே எதிர்த்துத் துரத்திவிடும். இவள் உடம்பும் துரத்திவிடும் என்று டாக்டர் ஓராண்டு பொறுத்துப் பார்த்தார். துரத்தவில்லை. திசு மாறத் தொடங்கிவிட்டது, புற்றாகவில்லை. ஆகுமுன் அந்த இடத்தை வெட்டியெடுத்துவிடலாம். எடுத்த துண்டையும் சிறிது இரத்தத்தையும் வைத்து, இவள் உடம்பு ஏன் தோற்றது என்று ஆராயவும் அவர் அனுமதி கேட்டிருந்தார்.

‘தோற்றது’ என்ற சொல் செவ்வந்திக்கு ஒப்பவில்லை. புகையான் பூச்சி விழுந்த ஆண்டு, பக்கத்து வயல் தப்பியது. அவர்கள் வயல் கருகியது. ஒரே விதை, ஒரே வாய்க்கால். வயலை யாரும் பழிக்கவில்லை.

“வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம தியேட்டருக்கு அனுப்ப மாட்டாங்கம்மா” என்றார் நர்ஸ் ரசியா பேகம். “மஸ்கட்லேருந்து அவர் வரட்டுமே.”

“அவரு வர ரெண்டு வருசம் ஆவும் சிஸ்டர். அதுவரைக்கும் இது லீவு போட்டுட்டு உக்காந்திருக்குமா?”

ரசியா பேகம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

செவ்வந்தி பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தாள். மஸ்கட் புறப்படுமுன் அவள் கணவர் பஞ்சநதம் பாபநாசத்தில் பதிவுசெய்து கொடுத்த பவர் பத்திரம். குத்தகையானாலும் பயிர்க்கடனானாலும் அன்றுமுதல் அவருக்காகக் கையெழுத்துப் போடுவது அவள்தான்.

“இது நெலத்துக்கு எழுதினதும்மா.”

“கடைசி வரியப் படிங்க சிஸ்டர்.”

‘மேற்படி என் மனைவி எனக்காகச் செய்யும் யாவற்றையும் நானே நேரில் செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்.’

ரசியா பேகம் அதை மறுபடியும் படித்தார். டாக்டரின் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவருகிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“வெள்ளிக்கிழமை போன்ல சொன்னேன்.”

அது உண்மை. அவர் என்ன பதில் சொன்னார் என்று ரசியா பேகம் கேட்கவில்லை.

செவ்வந்தி நிறுத்தி எழுதினாள்: பஞ்சநதத்துக்காக, அவருடைய பவர் ஏஜெண்டு செவ்வந்தி.

‘ஒண்ணும் வேணாம், நான் வந்து பாத்துக்கறேன்’ என்பதுதான் பதில். ஆனால் அது வாயால் சொன்னது, பதிவாகவில்லை.

மை உலரும்வரை பொறுத்து, படிவத்தை நீட்டினாள்.