பச்சைக் குறி

ஒரு லினக்ஸ் கணினியின் கோப்புறையில் ஒரு நாவலின் முன்னுரையும் கடைசி அத்தியாயமும் அருகருகே குடியிருந்தன. கடைசியாகப் பதிவு செய்தபடியே மாறாமல் இருக்கும் கோப்புக்கு அங்கே பச்சைக் குறி. பதிவுக்குப் பிறகு மாறிய கோப்புக்குச் சிவப்புக் குறி.

முன்னுரையின் நெற்றியில் பச்சை. அத்தியாயத்திலோ, பேருந்து நிலையத்தில் காத்திருந்த தாய்க்குத் தொலைந்த மகள் கிடைத்துவிட்டதாக அன்று காலைதான் எழுத்தாளர் எழுதியிருந்தார். அதனால் அதற்குச் சிவப்பு.

"என்ன தம்பி, இன்னும் சிவப்போடவே நிக்கிறே? பார்க்கவே நல்லால்ல" என்றது முன்னுரை.

அத்தியாயம் கூசிப்போனது. அந்தப் பக்கம் வந்த மவுஸ் அம்பைக் கூப்பிட்டது.

"அண்ணே, எனக்கும் பச்சை வேணும்."

"ரெண்டு வழி இருக்கு" என்றது அம்பு. "இப்ப இருக்கிறபடியே உன்னைப் பதிவு பண்ணலாம். ஆனா என்ன மாறிச்சுன்னு ஒரு வரி எழுதணும். இல்லேன்னா மாற்றத்தை ரத்து பண்ணலாம். அதுக்கு எதுவும் எழுத வேண்டாம்."

"எது சீக்கிரம்?"

"ரத்துதான்."

"அப்ப அதையே பண்ணுங்க."

ஒரே கிளிக். பச்சை வந்தது.

"இப்பதான் லட்சணமா இருக்கே" என்றது முன்னுரை.

அத்தியாயத்துக்குள்ளே, பேருந்து நிலையத்தில், அந்தத் தாய் மறுபடியும் ஒவ்வொரு பேருந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.