ஆளுக்கொரு ஊர்
லா சப்பலில் மெத்ரோ ரயில் மேலே போகும்போதெல்லாம் என் சாப்பாட்டுக் கடையின் குசினிச் சுவர் அதிர்கிறது. கழுவுதொட்டியின் இரு பக்கமும் மசிடோனியன் ஸ்தோயானும் பல்கேரியன் ருமெனும் கைகட்டி நின்று ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். சோறு தின்ற எச்சில் கோப்பைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. குழாய் மட்டும் யார் பக்கமும் சேராமல் சொட்டுகிறது. குற்றவாளி நான்தான். நூறு வருடத்துக்கு முன் துருக்கிய ஆட்சியை எதிர்த்து மாண்ட கொத்சே தெல்செவின் படத்தை ஸ்தோயான் சுவரில் ஒட்டியிருந்தான். எங்கள் ஊர்ப் போரில் மாண்ட மாவீரர் படத்தைக் கண்டால் மாலை போடும் கைப்பழக்கத்தில், காலையில் அதற்கும் ஒன்றைப் போட்டுவிட்டேன். “மாலை சரி அண்ணை. ஆனால் அவர் பல்கேரியன். எங்கடை நாட்டிலை அவரின்ரை பேரிலை ஊரே இருக்கு,” என்கிறான் ருமென், என் குசினியில் பழகிய தமிழில். “தெல்செவோ எண்ட ஊர் எங்கை இருக்கு? எங்கடை நாட்டிலை,” என்று ஸ்தோயான் ஒரு கரண்டியை எடுத்துத் தொட்டிக்குள் எறிகிறான். “கோப்பை எங்கையப்பா? சனம் உள்ளங்கையிலையே சோறு வாங்கித் தின்னுறது?” என்று முன்னாலிருந்து மனைவி கமலராணி கத்துகிறாள். “ஆளுக்கொரு ஊர் கிடைச்சிட்டுதெல்லோ, பிறகென்ன சண்டை,” என்று சிரித்துப் பார்க்கிறேன். “உங்கடை மாவீரரின்ரை பேரிலை எத்தினை ஊர் இருக்கு அண்ணை?” என்று கேட்கிறான் ஸ்தோயான். ருமெனும் அவனருகே போய் நின்றுகொண்டு என்னை முறைக்கிறான். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோப்பை கழுவத் தொடங்குகிறேன்.