நாற்பது பக்க நலம்

"என் நாவல்ல ஒரு அரசர் வர்றார் சார். தூதன் அவரைப் பார்த்து, 'நலமா மன்னா?'ன்னு கேக்கறான். அவர் நாற்பது பக்கத்துக்குப் பதில் சொல்றார். நடுவுல ஒரு முற்றுப்புள்ளி கிடையாது!"

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அடுத்தவர் எழுதியதை வெட்டியே வயிறு வளர்த்த மனிதர் அவர். அவருடைய சிவப்புப் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டால் பேர்போன எழுத்தாளர்களே கையெழுத்துப் பிரதியை மார்போடு அணைத்துக்கொள்வார்கள்.

"ஏம்மா, புதுசா எழுதறவங்களுக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல நாங்க போடறதில்ல. உன்னோடது முந்நூத்தி நாற்பது. அரசரை 'நலம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுக்கச் சொல்லு. அடுத்த மாசம் புத்தகம் கடைக்கு வந்துடும்."

"அது மட்டும் முடியாது சார். அதுதான் நாவலோட உயிரே."

"தூதனோட உயிரையில்ல அது வாங்குது! எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? நம்பற மாதிரியா இருக்கு?"

"பேசுவாங்க சார்."

"மாட்டாங்க. வெட்டறியா, இந்தக் காகிதக் கட்டைத் தூக்கிட்டுக் கிளம்பறியா?"

அவள் ஊரில் உள்ள பதிப்பகப் படிகளையெல்லாம் ஏறித் தேய்த்துவிட்டு வந்திருக்கிறாள். இதை விட்டால் ஏற வேறு படி இல்லை. தவிப்போடு வாசலைப் பார்த்தாள்.

"வெட்டாமப் போடுவீங்களா, சீக்கிரம் சொல்லுங்க சார். என்னைக் கூட்டிட்டுப் போக அப்பா வந்துடுவார்."

"வரட்டுமே. பெரியவங்க சொன்னாலாவது நீ கேப்பே."

சொல்லி வாய் மூடவில்லை, அப்பா வந்துவிட்டார். ஒல்லியான, பரம சாதுவான மனிதர். கோழிக்குஞ்சுகூட அவரை ஓர் அதட்டல் போட்டுவிட்டுப் போகும்.

"வாங்க சார், சௌக்கியமா?" என்றார் பதிப்பாசிரியர்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவள் இரண்டு கைகளையும் ஆட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்றாள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

"சௌக்கியத்துக்கு என்ன சார், முழங்கால்தான் லேசா, அதுவும் மாடித் தொட்டி வழிஞ்சு, படியெல்லாம் ஈரமாகி, வழுக்கினது நான் இல்ல, கீழ்வீட்டுக்காரர், அவரைத் தாங்கப் போயி, அவர் யாருன்னா என் மச்சினியோட ஓரகத்திக்குத் தம்பி, அவருக்குப் பொண்ணு பார்க்கப் போனப்ப பாருங்க…"

மேஜையில் இருந்த டீ ஆறி, ஆடை படிந்து, ஆடையின் மேல் இன்னோர் ஆடை படிந்தது. ஜன்னல் வெயில் சுவரேறிக் கூரையைத் தொட்டது. சுவரில் இருந்த பல்லி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாலை மட்டும் விட்டுவிட்டு ஓடியது. பேச்சை முடித்துவைக்கலாம் என்று பதிப்பாசிரியர் "சரிங்க" என்றார்.

"எங்க சார் சரியாச்சு?" என்று அங்கிருந்து புதுக்கிளை ஒன்று பிரிந்தது.

கடைசியில் ஒருவழியாக, "…ஆகமொத்தம் ஒரு குறையும் இல்ல சார். வாம்மா, கீழ வண்டிகிட்ட நிக்கறேன்" என்று அப்பா இறங்கிப் போனார்.

பதிப்பாசிரியர் சிவப்புப் பேனாவை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். நாவல் கட்டைப் பயபக்தியோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் குரல் வந்தது.

"ஏம்மா… இதை எப்படிம்மா நாற்பது பக்கத்துக்குள்ள சுருக்கினே?"